மேசையில் முதலில் வைக்க வேண்டியது

அன்புள்ள ஐயா,

தேநீர் பற்றி நீங்கள் எழுதுவதைத் தவறாமல் வாசிக்கிறேன். கொஞ்ச காலமாகவே எனக்குத் தேநீர்ப் பித்து பிடித்திருக்கிறது. பச்சைத் தேநீர், ஊலாங், புகையூட்டிய தேநீர் என்று வகைவகையாக வாங்கிக் குடித்துப் பார்க்கிறேன். இப்போது நண்பர்களை அழைத்து ஒரு தேநீர் விருந்து வைக்க ஆசை. இணையத்தில் வரும் படங்களை மணிக்கணக்கில் பார்க்கிறேன். ஒரு கருப்பொருளை எடுத்துக்கொண்டு மேசை விரிப்பு, பூ, கோப்பை, நாப்கின் மடிப்புவரை எல்லாவற்றையும் அதற்கேற்ப அமைத்திருக்கிறார்கள். பார்க்கப் பார்க்கச் சலிக்கவில்லை.

ஆனால் என் தோழி, “டீ குடிக்க எதற்கு இத்தனை ஜோடனை? டீ நன்றாக இருந்தால் போதாதா?” என்று கேட்டுவிட்டாள். அதிலிருந்து மனதில் ஓர் உறுத்தல். இது வெறும் பகட்டுதானா? இன்னொன்று, என்னிடம் இருப்பவை ஒன்றோடொன்று சேராத கோப்பைகள். முழு செட் இல்லாமல் விருந்து வைக்கலாமா? பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். எங்கிருந்து தொடங்குவது என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
பா.

*

அன்புள்ள பா.,

டீ நன்றாக இருக்க வேண்டும் என்பதில் நான் உங்கள் தோழியின் பக்கம். ‘போதாதா’ என்று கேட்கும்போது உங்கள் பக்கம் வந்துவிடுகிறேன். தேநீரைப் பற்றி மனிதர்கள் எழுத ஆரம்பித்த காலத்திலேயே அதை எதில் ஊற்றுவது, எங்கே உட்கார்ந்து குடிப்பது என்ற பேச்சும் ஆரம்பித்துவிட்டது.

8ஆம் நூற்றாண்டில், சீனாவின் தாங் வம்சக் காலத்தில், லூ யூ என்பவர் தேநீருக்கென்றே ஒரு நூல் எழுதினார். அதில் கிண்ணங்களைத் தரம் பிரிக்கிறார். யுவே பகுதியின் பச்சை மெருகுக் கிண்ணத்துக்குத்தான் முதலிடம். சிங் பகுதியின் வெள்ளைக் கிண்ணம் பார்க்க அழகு, அவர் காலத்தில் பலரும் அதைத்தான் உசத்தி என்று நினைத்தார்கள். லூ யூ ஒத்துக்கொள்ளவில்லை. வெள்ளையில் ஊற்றினால் தேநீர் சிவப்பாகத் தெரிகிறது, பச்சையில் ஊற்றினால் அதன் பசுமை எடுப்பாக இருக்கிறது என்கிறார். மஞ்சள், பழுப்புக் கிண்ணங்களையும் இதே காரணத்துக்காக ஒதுக்கிவிடுகிறார். கிண்ணத்தை அவர் தனியாகப் பார்ப்பதே இல்லை. தேநீர் உள்ளே போன பிறகு எப்படி இருக்கிறது என்று மட்டும்தான் பார்க்கிறார்.

அடுத்து வந்த சோங் காலத்தில் தேநீர் போடும் முறையே மாறியது. இலையைப் பொடியாக அரைத்து, கிண்ணத்தில் போட்டு, வெந்நீர் விட்டு, மூங்கில் மத்தால் நுரை வரக் கடைந்தார்கள். யாருடைய நுரை அதிக நேரம் கலையாமல் நிற்கிறது என்று போட்டியே நடந்தது. அந்த நுரை வெள்ளை. வெள்ளை நுரையைப் பார்க்க என்ன நிறக் கிண்ணம் வேண்டும்? கருப்பு. தென்கிழக்குச் சீனாவின் ஃபூஜியானில் சுட்ட கனமான கருப்புக் கிண்ணங்களுக்கு அப்படித்தான் மவுசு வந்தது. 1107இல் பேரரசர் ஹுய்சோங் தம் கைப்படத் தேநீர் பற்றி எழுதியபோதும், முயலின் ரோமம்போல மெல்லிய கோடுகள் ஓடும் கருப்புக் கிண்ணங்களைத்தான் புகழ்ந்தார். கனமான சுவர் என்பதால் சூடும் நின்றது. முந்நூறு ஆண்டு இடைவெளியில் பச்சை போய்க் கருப்பு வந்திருக்கிறது. ரசனை மாறியதற்குக் காரணம் தேநீர் மாறியது.

நீங்கள் கேட்ட ‘எங்கிருந்து தொடங்குவது’ என்பதற்கு என் பதில் இதில் இருக்கிறது. அன்றைக்கு எந்தத் தேநீர் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நிறம், பாத்திரம், பூ, வெளிச்சம் எல்லாம் அதற்குப் பிறகு.

இணையத்தில் நீங்கள் பார்க்கும் மேசைகளில் பலவற்றில் எனக்கு வருத்தம் தருவது ஒன்றுதான். அவற்றில் தேநீர் இல்லை. தேநீர்க் குடுவையில் ரோஜாக்களைச் செருகி நடுவில் வைத்திருக்கிறார்கள். கோப்பையில் மெழுகுவத்தி. மேசை முழுக்க லில்லியும் மல்லிகையும். தேநீரின் சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மூக்கு சம்பந்தப்பட்டது. நல்ல ஊலாங்கின் மெல்லிய பூவாசனை, லில்லிக் கொத்துக்குப் பக்கத்தில் வைத்தால் இருக்கும் இடம் தெரியாமல் போய்விடும். வாசனை மெழுகுவத்தியும் ஊதுபத்தியும் இன்னும் மோசம். ஜப்பானியத் தேநீர் அறையில் கடும் வாசனைப் பூக்களை வைப்பதில்லை. உங்கள் மேசையிலும் அந்த விதியைக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள்.

ஜப்பான் என்றதும் சென் நோ ரிக்யூவைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1522 முதல் 1591 வரை வாழ்ந்த பெரும் தேநீர் ஆசான். அவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. அவர் தோட்டத்தில் காலையில் மலரும் கொடிப்பூக்கள் அற்புதமாகப் பூத்திருப்பதாகக் கேள்விப்பட்டு, அப்போது ஜப்பானையே ஆண்டுகொண்டிருந்த டொயோடோமி ஹிடெயோஷி பார்க்க வருகிறார். தோட்டத்தில் ஒரு பூ இல்லை. எல்லாவற்றையும் வெட்டியாயிற்று. கோபத்தோடு தேநீர் அறைக்குள் நுழைகிறார். அங்கே ஒரே ஒரு பூ. கதை நடந்ததோ இல்லையோ, கருப்பொருள் வைத்து மேசை அமைக்கும் யாருக்கும் இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. கடல் என்று கருப்பொருள் வைத்தால் சங்கு, மணல், வலை, நங்கூரம், நீல விரிப்பு, நீல நாப்கின் எல்லாம் வேண்டாம். ஒரு சங்கு போதும். மற்றதை வருபவர்களின் மனம் நிரப்பிக்கொள்ளும்.

அந்த ஜப்பானிய மரபில் பருவமும் பாத்திரத்துக்குள் வந்துவிடுகிறது. கோடையில் அகலமான, ஆழமில்லாத கிண்ணம், சீக்கிரம் ஆற வேண்டும் என்பதற்காக. குளிரில் ஒடுங்கி உயர்ந்த கிண்ணம், சூடு போகாமல் இருக்க. கோடையில் நெருப்பை விருந்தினரிடமிருந்து தள்ளி வைக்கிறார்கள், குளிர்காலத்தில் தரையிலேயே அமைந்த அடுப்பை அவர்களுக்குக் கிட்டத்தில் திறக்கிறார்கள். கண்ணுக்கு அழகு என்று நாம் நினைப்பது அங்கே உடம்புக்கு இதமாகவும் இருக்கிறது. எனக்கு இந்த மரபின் மேல் இவ்வளவு பிரியம் வந்ததற்கு இதுதான் காரணம்.

சரி, உங்கள் சேராத கோப்பைகளுக்கு வருகிறேன். 1587இல் அதே ஹிடெயோஷி கியோட்டோவில் கிட்டானோ கோயில் வளாகத்தில் ஒரு மாபெரும் தேநீர்க் கூட்டம் நடத்தினார். வணிகர், உழவர் என்று யார் வேண்டுமானாலும் வரலாம், ஒரு கெட்டிலும் கிண்ணமும் கொண்டுவந்தால் போதும், தேயிலை இல்லாதவர்கள் வறுத்த தானியப் பொடியைக்கூடக் கரைத்துக் கொடுக்கலாம் என்று அறிவிப்பு. ஹிடெயோஷி தம் தங்கத் தேநீர் அறையைக் காட்சிக்கு வைத்தார், தம் அபூர்வப் பாத்திரங்களையும்தான். பத்து நாள் நடப்பதாக இருந்தது ஒரே நாளில் முடிந்துவிட்டது. ஆனாலும் அந்த அழைப்பு எனக்கு மிகவும் பிடித்தமானது. உங்கள் விருந்துக்கும் அதையே கருப்பொருளாக வைத்துப் பாருங்களேன். ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த கோப்பை ஒன்றைக் கொண்டுவரட்டும். பாட்டி வைத்திருந்தது, ஓரத்தில் சில்லு போனது, யாரோ பரிசளித்தது, எதுவானாலும். பன்னிரண்டு கோப்பையும் பன்னிரண்டு விதமாக இருக்கும், பேச்சும் தானாகத் தொடங்கிவிடும். ஒழுங்கு வேண்டுமென்றால் அதை விரிப்பில் கொண்டுவாருங்கள். பூவேலை இல்லாத ஒற்றை நிறத் துணி, எல்லாக் கோப்பைக்கும் ஒரே மாதிரி எளிய சாசர் அல்லது சிறு மரத்தட்டு. கலவையாக இருக்கும் கோப்பைகளை அது ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். செட் வாங்க ஓட வேண்டாம்.

உங்களிடம் உள்ள கோப்பைகளையே வைப்பதானால், உள்பக்கம் வெள்ளையாக உள்ளவற்றைப் பொறுக்கி எடுத்து அவற்றில் கருப்புத் தேநீர், அதாவது நாம் வழக்கமாக வாங்கும் தேயிலையில் பால் சேர்க்காமல் போட்டது, கொடுங்கள். தேயிலையைத் தரம் பார்ப்பவர்கள் வெள்ளைப் பீங்கானில்தான் ஊற்றிப் பார்க்கிறார்கள். செம்பும் பொன்னுமான அந்த நிறம் அதில்தான் ஒளிக்காமல் தெரியும். லூ யூ கேட்டால் சண்டைக்கு வரக்கூடும், ஆனால் அவர் குடித்தது வேறு தேநீர். பச்சைத் தேநீருக்குக் கண்ணாடி நல்லது. இலை மெல்ல விரிந்து இறங்குவதைப் பார்க்கலாம்.

நீங்கள் படங்களில் பார்க்கும் மூன்றடுக்குத் தட்டும் லேஸ் விரிப்பும் ஆங்கிலேயப் பிற்பகல் தேநீர் வழி வந்தவை. 1840 வாக்கில் பெட்ஃபோர்டு சீமாட்டி அன்னா மரியா, மதிய உணவுக்கும் மிகத் தாமதமான இரவு உணவுக்கும் நடுவில் வந்த பசியைத் தணிக்க, தம் அறையிலேயே தேநீரும் ரொட்டியும் வரவழைத்துச் சாப்பிட ஆரம்பித்தார், பிறகு தோழிகளையும் அழைத்துக்கொண்டார் என்பார்கள். பசியில் பிறந்தது, பிறகு சம்பிரதாயமானது. தட்டில் கீழே சாண்ட்விச், நடுவில் ஸ்கோன் எனும் சிறு பன், மேலே இனிப்பு. கீழிருந்து மேலே போக வேண்டும். அதில் எனக்குப் பிடித்த வழக்கம் வேறொன்று. பெரிய விருந்துகளில் தேநீர் ஊற்றிக்கொடுக்கும்படி நெருங்கிய தோழி ஒருவரை வேண்டிக்கொள்வார்கள், அது அவருக்குச் செய்யும் மரியாதை. உங்கள் தோழிக்கு டீ நன்றாக இருப்பதுதானே முக்கியம்? குடுவையை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

இனி அடுப்படி விஷயம். விருந்துகள் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான்.

ஒரு கோப்பைக்கு 150 மில்லி என்றால் பன்னிரண்டு பேருக்கு ஒரு சுற்றுக்கு 1.8 லிட்டர். தேநீரைச் சோதித்து ஒப்பிடுவதற்கான சர்வதேசத் தரம் ஒன்று 1980இல் வந்தது, ஐஎஸ்ஓ 3103. அதன்படி 100 மில்லிக்கு 2 கிராம் இலை, 6 நிமிடம் ஊற வேண்டும். அது தேநீரின் குறை நிறை எல்லாவற்றையும் வெளியே இழுத்துவிடும் அளவு, விருந்துக்கு அவ்வளவு கடுமை வேண்டாம். கருப்புத் தேநீர் என்றால் அதே இலைக்கு மூன்று, நான்கு நிமிடம் போதும், நீர் நன்றாகக் கொதித்திருக்க வேண்டும். பச்சைத் தேநீருக்குக் கொதிநீர் ஆகாது. 70 முதல் 80 டிகிரி, இரண்டு நிமிடம். சூடு கூடினால் கசப்பும் துவர்ப்பும் வேகமாக இறங்கிவிடும்.

நேரமானதும் இலையை வடிகட்டி, சூடுபடுத்திய இன்னொரு குடுவைக்கு மாற்றிவிடுங்கள். இதை மட்டும் மறக்க வேண்டாம். இலை உள்ளேயே கிடந்தால் முதல் கோப்பைக்காரருக்கு வெளிறிய தேநீரும் கடைசிக் கோப்பைக்காரருக்குக் கஷாயமும் கிடைக்கும். சீனர்கள் சிறு குடுவையில் போடும்போதுகூட நடுவில் ஒரு பொதுக் குவளையில் ஊற்றிக் கலந்துதான் பகிர்கிறார்கள்.

பன்னிரண்டு பேருக்கு இன்னொரு நல்ல வழி ரஷ்யர்களுடையது. சமோவார் எனும் வெந்நீர்க் கலனில் நீர் சூடாகத் தயாராக இருக்கும். அதன் தலையில் உட்காரும் சிறு குடுவையில் மிக அடர்த்தியான தேநீர். கொஞ்சம் அதை ஊற்றி, வேண்டிய அளவு வெந்நீர் கலந்துகொள்வார்கள். லேசாக வேண்டுபவரும் கடுமையாக வேண்டுபவரும் ஒரே மேசையில் திருப்தியாக இருக்கலாம். சமோவார் இல்லாவிட்டால் ஒரு மின்கெட்டிலும் சிறு குடுவையும் போதும். நீங்களும் அடுப்படிக்கு ஓடிக்கொண்டே இருக்காமல் அவர்களோடு உட்காரலாம். இந்த முறைக்குக் கருப்புத் தேநீர்தான் சரி, பச்சையில் முயல வேண்டாம்.

கருப்பொருளுக்கு யோசனை கேட்பீர்கள். ஒன்று சொல்கிறேன். பச்சை, ஊலாங், கருப்பு மூன்றும் ஒரே செடியின் இலை. பறித்த இலையைக் காற்றுபட எவ்வளவு தூரம் நிறம் மாற விடுகிறோம் என்பதுதான் முக்கிய வித்தியாசம். மேசையின் ஒரு முனையில் பச்சைத் தேநீரும் வெளிர்ந்த துணியும், நடுவில் ஊலாங், மறுமுனையில் கருப்புத் தேநீரும் ஆழ்ந்த செம்பழுப்பும் என்று நிறம் மெல்ல அடர்ந்துகொண்டே போகட்டும். ஒவ்வொன்றின் முன்னும் காய்ந்த இலையைச் சிறு தட்டில் வையுங்கள், தொட்டுப் பார்க்க, முகர்ந்து பார்க்க. குடிக்கும் வரிசையும் அதுவே, லேசானதிலிருந்து கடுமைக்கு. நீங்கள் எழுதிய அந்தப் புகைத் தேநீர், பைன் மரப்புகையில் உலர்த்தும் லாப்சாங் சூச்சாங் என்று நினைக்கிறேன். அதை ஆகக் கடைசியில் கொடுங்கள். அதற்குப் பிறகு வேறு எதுவும் நாக்கில் ஏறாது. அதற்குப் பக்கத்தில் பூவும் வேண்டாம், சொரசொரப்பான மண்பாத்திரம் ஒன்றும் வெறும் மரப்பலகையும் இருந்தால் அழகாக இருக்கும்.

பூ வைத்த பிறகு உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து எதிர் நாற்காலியைப் பாருங்கள். எதிரில் இருப்பவர் முகத்தைப் பூ மறைத்தால் தண்டை வெட்டிக் குட்டையாக்குங்கள். ஒவ்வொருவர் முன்னும் கோப்பையைக் கீழே வைக்கவும் கையை ஊன்றவும் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் எடுக்க வேண்டியது அலங்காரத்தைத்தான். படம் எடுப்பதாக இருந்தால் விருந்தினர் வருவதற்கு முன்பே எடுத்து முடித்துவிடுங்கள். இலையை ஊறப்போட்ட பிறகு அதற்கு நேரம் கிடையாது.

அன்புடன்.