நைட் டியூட்டியிலிருந்து தப்பிக்க எம்.எச்.ஏ. படிக்கலாமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

பி.எஸ்சி. நர்சிங் முடித்து, தனியார் மருத்துவமனை ஒன்றின் ஐசியூவில் இரண்டு வருடமாக வேலை பார்க்கும் உங்கள் மகள் மருத்துவமனை நிர்வாகம் படிக்க ஆசைப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். எம்.எச்.ஏ.வா (மருத்துவமனை நிர்வாக முதுநிலைப் படிப்பு), எம்.பி.ஏ.வா, இல்லை வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்தாவது ஏஜென்ட் சொல்கிற மெல்போர்ன் படிப்பா என்பது உங்கள் கேள்வி. அதற்கு வருகிறேன். ஆனால் கடிதத்தின் நடுவே போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "இதைப் படித்தால் நைட் டியூட்டி இருக்காது, வரன் பார்க்கும்போதும் நர்ஸ் என்று சொல்ல வேண்டாம்." முதலில் அதைப் பேசிவிடுவோம்.

நைட் டியூட்டி இருக்கத்தான் செய்யும். பெரிய மருத்துவமனைகளில் இரவு முழுக்க ஒரு டியூட்டி மேனேஜர் இருப்பார். கட்டில் இல்லை என்று சண்டை போடுகிற குடும்பம், நின்றுபோன லிஃப்ட், விபத்துக் கேஸுக்கு வந்து நிற்கும் போலீஸ், எல்லாம் அவர் தலையில்தான் விழும். புதிதாகச் சேர்ந்தவர்களைத்தான் பெரும்பாலும் அந்த இடத்தில் போடுவார்கள். ஆரம்பச் சம்பளமும் பல இடங்களில் நாலைந்து வருட அனுபவமுள்ள ஸ்டாஃப் நர்ஸின் சம்பளத்தை ஒட்டித்தான் இருக்கும். வரன் விஷயத்தில் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஐசியூவில் வென்டிலேட்டர் நோயாளியைப் பார்த்துக்கொள்கிற பெண்ணின் வேலையை மறைத்துச் சொல்லும்படி ஒரு வீடு கேட்டால், அது எப்படிப்பட்ட வீடு என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நர்சிங்கை விட்டு ஓடுவதற்காக இந்தப் படிப்பில் சேர்கிறவர்கள் முதல் செமஸ்டரிலேயே சோர்ந்துபோகிறார்கள். நர்சிங்கில் பார்த்த குறைகளைச் சரிசெய்ய வேண்டும் என்று வருகிறவர்கள்தான் மேலே போகிறார்கள். உங்கள் மகள் இதில் எந்தப் பக்கம் என்பது எனக்கு முக்கியம். அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "உங்க ஆஸ்பத்திரியில எதைப் பார்த்தா உனக்குக் கோபம் வருது?" பட்டென்று பதில் வந்தால், அதுவும் விவரமாக வந்தால், இந்தப் படிப்பு அவருக்கானது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். காலை பத்து மணிக்கு ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் "இன்னிக்கு வீட்டுக்குப் போகலாம்" என்கிறார். நோயாளி வண்டி ஏறும்போது மாலை ஐந்து. நடுவில் என்ன நடந்தது? டிஸ்சார்ஜ் சம்மரி எழுத வேண்டிய டியூட்டி டாக்டர் எமர்ஜென்சியில் மாட்டிக்கொண்டார். மீந்த மருந்து ஃபார்மசிக்குத் திரும்பவில்லை. ஸ்கேன் கணக்கு பில்லிங்குக்கு வரவில்லை. இன்சூரன்ஸ் டெஸ்க்கிலிருந்து போன பில்லுக்கு டிபிஏ (காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கணக்கைச் சரிபார்க்கும் இடைநிலை நிறுவனம்) ஒரு கேள்வி கேட்டது, அதற்குப் பதில் எழுத வேண்டியவர் சாப்பிடப் போயிருந்தார். கேஷ்லெஸ் முன் அனுமதியை 1 மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜ் நேரத்து இறுதி ஒப்புதலை 3 மணி நேரத்துக்குள்ளும் தர வேண்டும் என்று காப்பீட்டு நிறுவனங்களுக்கு அவற்றின் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024-இல் உத்தரவிட்டது. ஆனால் மருத்துவமனை காகிதத்தை அனுப்பிய பிறகுதானே அந்தக் கணக்கு தொடங்கும்! இதற்கிடையில் அந்தக் கட்டில் காலியாகாததால் ஐசியூவில் தேறியவர் வார்டுக்கு மாற முடியவில்லை. ஐசியூ காலியாகாததால் எமர்ஜென்சியில் ஒருவர் ஸ்ட்ரெச்சரிலேயே கிடக்கிறார். காகிதம் எந்த மேசையில் தேங்குகிறது என்று கண்டுபிடித்து, யாரையும் திட்டாமல், நாளைக்கும் அது தேங்காதபடி வேலையை மாற்றி அமைப்பதுதான் ஆபரேஷன்ஸ் துறையின் வேலை. பி.காம். முடித்து நேராக எம்.பி.ஏ.வுக்கு வரும் மாணவருக்கு இதை விளக்க ஒரு வாரம் ஆகும். ஐசியூ பக்கத்திலிருந்து இதன் வலியைப் பார்த்த உங்கள் மகளுக்கு விளக்கவே வேண்டாம். இரண்டு வருட அனுபவத்தை வீணான காலம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். அவர் கையில் இருக்கும் பெரிய முதலே அதுதான்.

நிர்வாகம் என்றால் ஏசி அறையில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது என்று நினைப்பவர்களுக்கு நான் மதுரையைக் காட்டுவேன். 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 கட்டில்களோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. ஒரு நோயாளிக்கு அறுவை நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்தவர் தயாராக இருப்பார். முடித்ததும் டாக்டர் அந்தப் பக்கம் திரும்பிவிடலாம். மற்ற வேலைகளை, பெரும்பாலும் கிராமங்களிலிருந்து வந்து அங்கேயே பயிற்சி பெற்ற பெண்கள் பார்த்துக்கொள்வார்கள். பணம் கட்டுபவர்களிடமிருந்து வரும் வருமானத்தில்தான் கட்ட முடியாதவர்களுக்கும் பார்வை கிடைக்கிறது. உள்விழி லென்ஸின் விலை கட்டுப்படியாகவில்லை என்று 1992-இல் ஆரோலேப் தொடங்கி அதையும் தாங்களே தயாரித்தார்கள். அறுவை சிகிச்சையின் திறமை எவ்வளவோ, அவ்வளவு இந்த ஏற்பாட்டின் திறமையும் அதில் இருக்கிறது. அரசுப் பக்கம் பார்த்தால், 1994-இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகள் வழியாக மருத்துவமனைகளுக்கு அனுப்பும் முறையைக் கொண்டுவந்தது. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துவிட்டுப் போன ஏற்பாடு அது.

இனி படிப்பு. எம்.எச்.ஏ., எம்.பி.ஏ. (ஹாஸ்பிடல் மேனேஜ்மென்ட்), எம்.பி.எச். என்று மூன்று பெயர்கள் உங்களைக் குழப்புகின்றன. முதல் இரண்டும் மருத்துவமனைக்குள்ளே நடக்கும் வேலைக்கானவை. மூன்றாவது பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பு; ஊர், மாவட்டம், நோய்ப்பரவல், திட்டம் என்று மருத்துவமனைக்கு வெளியே பார்க்கும் படிப்பு. எம்.எச்.ஏ.வுக்கு நான் முதலில் சொல்வது மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தைத்தான், நாமெல்லாம் டிஸ் என்று சொல்வது. 1936-இல் சமூகப்பணிப் பள்ளியாகத் தொடங்கிய இடம் என்பதால், மருத்துவமனையைத் தொழிலாக மட்டும் பார்க்காமல் அங்கே வரும் மனிதர்களையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் அங்கே இருக்கிறது. எந்த நுழைவுத் தேர்வு வழியாகச் சேர்க்கை என்பதை அந்த வருட அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். ஜெய்ப்பூரில் 1984-இல் தொடங்கிய ஐஐஎச்எம்ஆர் இன்னொரு பழைய இடம். எம்.பி.எச். என்றால் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம். சென்னையில் போரூர் ராமச்சந்திராவில் மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே இந்த எம்.பி.ஏ. நடக்கிறது. டெல்லி எய்ம்ஸில் ஹாஸ்பிடல் அட்மினிஸ்ட்ரேஷன் இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். அது எம்.டி., டாக்டர்களுக்கானது. அதைவிடுங்கள்.

மற்ற கல்லூரிகளைப் பொறுத்தவரை, பெயரைப் பார்க்காதீர்கள். இன்டர்ன்ஷிப்பைப் பாருங்கள். எத்தனை மாதம், எந்த மருத்துவமனை, எந்தெந்தத் துறை? பில்லிங், வாங்கல் துறை, சிஎஸ்எஸ்டி (கருவிகளைக் கிருமி நீக்கும் பிரிவு), மெடிக்கல் ரெக்கார்ட்ஸ், தர மேம்பாடு என்று சுற்றிவர விடுகிறார்களா, அல்லது ஓபி கவுன்ட்டரில் டோக்கன் கொடுக்க நிறுத்திவிட்டு அதையே பயிற்சி என்கிறார்களா? இரண்டு வருடத்துக்கு முன் படித்து முடித்தவர்களில் நாலு பேரை லிங்க்ட்இன்னில் தேடிப் பிடித்து, இப்போது எங்கே என்னவாக இருக்கிறார்கள் என்று மகளையே கேட்கச் சொல்லுங்கள். "100 சதவீதம் பிளேஸ்மென்ட்" என்ற விளம்பரத்தைவிட அந்த நாலு பேரின் பதில் மதிப்புள்ளது. தொலைநிலை, ஆன்லைன் படிப்பு என்றால் யுஜிசியின் அங்கீகாரம் அந்த வருடத்துக்கு, அந்தப் படிப்புக்கு இருக்கிறதா என்று யுஜிசி தளத்திலேயே பார்க்க வேண்டும். வேலையை விடாமல் கற்றுக்கொள்ள நினைத்தால் இக்னோவின் மருத்துவமனை நிர்வாக முதுநிலை டிப்ளமோ இருக்கிறது. அதன் அனுபவத் தகுதியை விண்ணப்பிக்கும் முன் சரிபார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அரசு வேலைக் கனவு இருந்தால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைத் தலைமைப் பொறுப்பில் இருப்பவர்கள் டாக்டர்கள். எம்.எச்.ஏ. படித்தவருக்கு அங்கே நேரடியாக ஒரு நாற்காலி காத்திருக்கவில்லை. தேசிய சுகாதார இயக்கத்தில் ஒப்பந்தப் பணிகள் வருவதுண்டு. அரசு வேலைதான் வேண்டும் என்றால் அவருடைய நர்சிங் பட்டமே நல்ல வழி. தமிழ்நாடு அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்ஆர்பி) நடத்தும் தேர்வும், எய்ம்ஸ் நர்ஸ் வேலைக்கான நார்செட் தேர்வும் அதற்காகத்தான் இருக்கின்றன. நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்கவோ, நர்சிங் சூப்பரின்டென்டென்ட் ஆகவோ ஆசை என்றால் எம்.எஸ்சி. நர்சிங்தான் சரியான படிப்பு, எம்.எச்.ஏ. அல்ல.

மெல்போர்ன் பற்றி. ஏஜென்ட் சொன்ன 'ஹெல்த் அண்ட் ஹ்யூமன் சர்வீசஸ் மேனேஜ்மென்ட்' பொய்ப் படிப்பு இல்லை. டீக்கின் பல்கலைக்கழகத்தில் அந்தப் பெயரிலேயே முதுநிலைப் படிப்பு இருக்கிறது. விக்டோரியா மாநிலத்தில் சுகாதாரம், குடும்ப நலம், வீட்டுவசதி எல்லாம் 2021 தொடக்கம் வரை ஒரே அரசுத் துறையின் கீழ் இருந்தன. மாற்றுத்திறனாளிகளுக்கான என்டிஐஎஸ் காப்பீடு, முதியோர் பராமரிப்பு என்று மருத்துவமனைக்கு வெளியே பெரிய அமைப்புகள் அங்கே இயங்குகின்றன. அவற்றை நடத்த ஆள் வேண்டும், அதற்கான படிப்பு அது. அந்த ஊர்க்காரரான நர்ஸ் ஒருவர் பத்து வருடம் வேலை பார்த்துவிட்டு இதைப் படித்தால் அடுத்த பதவிக்குப் போகலாம். வெளிநாட்டிலிருந்து போய், அந்த நாட்டு அமைப்பு எதுவும் தெரியாமல் படித்து முடிக்கும் பெண்ணை நேராக மேனேஜராக எடுப்பார்களா? பெரும்பாலும் முதியோர் இல்லத்தில் கேரராக, அதாவது பராமரிப்பு உதவியாளராகத்தான் தொடங்க வேண்டியிருக்கும். அந்த வேலை தாழ்வானது இல்லை. ஆனால் வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்கும்போது உங்கள் மனதில் இருந்தது அது இல்லையே.

செலவையும் பாருங்கள். மாணவர் விசாவுக்கு, கல்லூரிக் கட்டணமும் விமானச் செலவும் போக, ஒரு வருட வாழ்க்கைச் செலவாக மட்டும் 29,710 ஆஸ்திரேலிய டாலர் காட்ட வேண்டும் என்று 2024 மே மாதம் உயர்த்தினார்கள். நம் பணத்தில் 16 லட்சத்தைத் தாண்டும். படிக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம். ஏஜென்ட் இதைச் சொன்னாரா? இன்னொன்றையும் சொல்லியிருக்க மாட்டார்: இந்தப் பட்டம் வாங்கினால் அங்கே நர்ஸாக வேலை செய்யும் உரிமை கிடைக்காது. அதற்கு வேண்டியது ஆப்ரா என்ற ஆஸ்திரேலிய மருத்துவத் தொழிலாளர் ஒழுங்குமுறை அமைப்பின் பதிவு. நம் நர்ஸுகள் பெரும்பாலும் என்கிளெக்ஸ் ஆர்என் தேர்வும், அடிலெய்டில் நடக்கும் ஆஸ்கி செய்முறைத் தேர்வும் தேறித்தான் அதை வாங்குகிறார்கள். ஆஸ்திரேலியாதான் லட்சியம் என்றால் உங்கள் மகள் அந்த வழியில் நர்ஸாகவே போகட்டும். சம்பளம் வாங்கிக்கொண்டே அந்த ஊர் வார்டுகளைப் புரிந்துகொண்டு, அதற்குப் பிறகு நிர்வாகம் படிக்கலாம். கடன் சுமையும் உங்கள் தலையில் ஏறாது.

மருத்துவமனைக்கு வெளியே உள்ள சேவைகளை நம் ஊரிலும் மறந்துவிடாதீர்கள். மனநலத்துக்கு சென்னையில் ஸ்கார்ஃப், பேனியன். மாற்றுத்திறனாளிகளுக்கு ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம். இப்படிப்பட்ட இடங்களில் நல்ல மனசுக்குக் குறைவில்லை. கணக்கு, ஆள், திட்டம் மூன்றையும் சேர்த்து நடத்தத் தெரிந்தவர்களுக்குத்தான் எங்கும் தட்டுப்பாடு. உங்கள் மகளின் கோபம் அந்தப் பக்கம் இருந்தால், எழும்பூரில் உள்ள மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க்கில் மருத்துவ, மனநலச் சமூகப்பணியைச் சிறப்புப் பாடமாக எடுத்து எம்.எஸ்.டபிள்யூ. படிப்பதையும் யோசிக்கலாம்.

என் முடிவைக் கேட்டால்: இந்த வருடம் வேலையை விட வேண்டாம். அவருடைய மருத்துவமனை என்ஏபிஎச் என்ற தர அங்கீகாரம் பெற்றதாகவோ அதற்குத் தயாராவதாகவோ இருந்தால், தரக் குழுவில் தன்னையும் சேர்க்கும்படி நர்சிங் சூப்பரின்டென்டென்டிடம் கேட்கட்டும். தொற்றுக் கட்டுப்பாட்டுப் பதிவேடு, தவறு நேர்ந்தால் எழுதும் இன்சிடென்ட் ரிப்போர்ட், ஆடிட் என்று ஆறு மாதம் பழகினால் இந்த வேலை பிடிக்கிறதா என்று அவருக்கே தெரிந்துவிடும். பிடித்தால், அறிவிப்பு வந்ததும் நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கட்டும். இந்தியாவில் படிக்க 7.5 லட்சம் வரை கல்விக் கடனுக்கு வங்கிகள் பொதுவாகச் சொத்து ஜாமீன் கேட்பதில்லை. பத்திரத்தைப் பீரோவிலேயே வையுங்கள். ஏஜென்டுக்கு முன்பணம் எதுவும் இப்போது கொடுக்க வேண்டாம்.

எந்த வழியில் போனாலும், தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் கவுன்சிலில் உள்ள பதிவைக் காலாவதியாக விடாமல் புதுப்பித்து வைக்கச் சொல்லுங்கள். வேலையை விடும் நாளில் எந்தப் பிரிவில், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று தெளிவாக எழுதிய அனுபவச் சான்றிதழையும் கையோடு வாங்கிவிடச் சொல்லுங்கள். பிறகு போய்க் கேட்டால் அலைய விடுவார்கள்.