செக்யூர் பூட்டை அணைக்காமலே உபுண்டு போடலாமுங்க

கேள்வி: திருப்பூரில் சின்னதாக ஒரு பனியன் யூனிட் வைத்திருக்கிறேன். கணக்கெல்லாம் ஒரே லேப்டாப்பில், விண்டோஸ் 11-ல் டேலி. மகள் கோவையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருக்கிறாள். அதே லேப்டாப்பில் உபுண்டு என்கிற லினக்ஸ் சிஸ்டமும் வேண்டும் என்கிறாள். கடைக்காரர், 'செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணினால்தான் ஏறும்' என்கிறார். பண்ணலாமுங்களா? கணக்குக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?

பதில்: ஆஃப் பண்ணவே வேண்டியதில்லைங்க. உபுண்டு 2012-லிருந்தே செக்யூர் பூட்டோடு ஒத்துப்போகிறது. கடைக்காரர் சொல்வது அதற்கு முந்தைய நிலவரம்.

உங்கள் கம்பெனி கேட்டையே பாருங்கள். மூட்டைக்குள் என்ன துணி என்று வாட்ச்மேன் பிரித்துப் பார்ப்பதில்லை. டெலிவரி சலானில் தெரிந்த கையெழுத்து இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார். செக்யூர் பூட் செய்வதும் அதேதான். லேப்டாப்பை ஆன் செய்ததும், போர்டிலேயே பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் என்ற புரோகிராம், சிஸ்டத்தைத் துவக்க வரும் பூட் லோடரின் டிஜிட்டல் கையொப்பத்தைத் தன் பட்டியலோடு ஒப்பிடும். பெரும்பாலான லேப்டாப்களில் அந்தப் பட்டியலில் இருப்பது மைக்ரோசாஃப்ட் சாவிகள். அதனால் உபுண்டுக்காரர்கள் 'ஷிம்' என்ற சின்ன புரோகிராமுக்கு மைக்ரோசாஃப்டிடமே கையொப்பம் வாங்கி வைத்திருக்கிறார்கள். முதலில் ஷிம் உள்ளே வரும். பிறகு உபுண்டுவின் பூட் லோடரான க்ரப்பையும், சிஸ்டத்தின் மையமான கெர்னலையும் உபுண்டுவின் சொந்தச் சாவியால் அது சோதித்து விடும்.

நீங்கள் பயப்பட வேண்டியது, டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கருக்கு. விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் கேட்காமலே பூட்டப்பட்டிருக்கும். செக்யூர் பூட்டை மாற்றினால், யாரோ கை வைத்துவிட்டார்கள் என்று நினைத்து 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும். பெருந்துறைப் பக்கம் ஒருவர் மாதம் 20-ஆம் தேதி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வேண்டிய நாளில், அந்த நீலத் திரையோடு என்னிடம் வந்தார். முந்தைய நாள்தான் யாரோ செக்யூர் பூட்டை அணைத்திருக்கிறார்கள். கீ எங்கே என்று தேடினால், லேப்டாப் விற்ற கடையில் ஆரம்பித்துக் கொடுத்த மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் இருக்கிறது. அதன் பாஸ்வேர்டு யாருக்கும் நினைவில்லை. செக்யூர் பூட்டைத் திரும்ப ஆன் செய்ததும் விண்டோஸ் திறந்துகொண்டது. அதுவரை அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

ஆகவே முதலில் டேலி டேட்டா ஃபோல்டரை வெளி டிஸ்க் ஒன்றில் காப்பி எடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் அது திறக்கிறதா என்று பாருங்கள். ரெக்கவரி கீயைக் காகிதத்தில் எழுதிப் பீரோவில் வையுங்கள். அடுத்து விண்டோஸ் செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷனை (அந்த பிட்லாக்கர் பூட்டுதான்) ஆஃப் செய்து, முழுதாக முடியும்வரை காத்திருங்கள்; அது இருந்தால் உபுண்டுவின் சில பதிப்புகளில் இன்ஸ்டாலரே முன்னால் நகராது. விண்டோஸை முழுதாக அணையவிடாத ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் எடுத்துவிடுங்கள். டிஸ்க் மேனேஜ்மென்டில் சி டிரைவைச் சுருக்கி 60 ஜிபி காலியாக விட்டால் மகளுக்குத் தாராளம்.

உபுண்டுவை நிறுவும் ஐஎஸ்ஓ ஃபைல் புதிதாக இறக்கியதாக இருக்கட்டும். 2024 ஆகஸ்டில் விண்டோஸ் அப்டேட் ஒன்று பழைய ஷிம்களைத் தடுத்ததில், இரண்டு சிஸ்டமும் வைத்திருந்த பலருக்கு லினக்ஸ் ஏறவில்லை. இன்ஸ்டாலரில் விண்டோஸோடு சேர்த்து நிறுவும் வழியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். 'எரேஸ் டிஸ்க்' பக்கம் விரலே போகக்கூடாது. இன்ஸ்டாலருக்கு டிஸ்க்கே தெரியவில்லை என்றால் பயாஸில் (ஃபர்ம்வேர் செட்டிங்ஸில்) ஸ்டோரேஜ் மோடை உடனே மாற்றிவிடாதீர்கள், விண்டோஸ் ஏறாமல் போகும். அங்கேயே நிறுத்தி, தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

என்விடியா கிராபிக்ஸ் கார்டு இருந்தால் இன்னொரு நீலத் திரை வரும். டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். ரீஸ்டார்ட் ஆனதும் 'என்ரோல் மோக்' என்று கேட்கும்; டிரைவரின் சாவியைப் பட்டியலில் சேர்க்கவா என்று அர்த்தம். பத்து விநாடிக்குள் ஏதாவது ஒரு கீயை அழுத்தி, அதைத் தேர்ந்தெடுத்து, அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். விட்டுவிட்டால் உபுண்டு ஏறும், டிரைவர் மட்டும் வேலை செய்யாது. இந்த வேலையை மகளே செய்யட்டும்.

கடைசியாக ஒன்று. உபுண்டுவிலிருந்து திரும்பினால் விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கலாம். போர்டில் உபுண்டு உலகப் பொது நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதை நம் நேரம் என்று படிக்கிறது. நம் நேரத்தையே எழுதும்படி உபுண்டுவில் மாற்ற ஒரே கட்டளை போதும். அதைப் போட்ட பிறகு டேலியைத் திறந்து பில் போடுங்கள்.