முதல்ல வெர்ஷன் நம்பர சொல்லுங்க: போஸ்ட்கிரெஸ் பேட்ச், பக் கேள்வி-பதில்

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் பத்தி இந்த தடவ வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல வெர்ஷன் நம்பரே இல்ல. "லேட்டஸ்ட் போஸ்ட்கிரெஸ்"னு எழுதுறது வெர்ஷன் இல்லீங்க. "16"ங்கிறதும் பாதி தான், புள்ளிக்கு அப்புறம் இருக்கிற நம்பர வச்சு தான் எந்த ஃபிக்ஸ் உள்ள இருக்கு எது இல்லன்னு சொல்ல முடியும். செலக்ட் வெர்ஷன்னு ஒரு வரி அடிச்சா வந்துடுது, அத அப்படியே ஒட்டி அனுப்ப என்ன கஷ்டமோ. சரி, வந்தத பாப்போம்.

கேள்வி: ஒரு குவரி நேத்து வரைக்கும் ஃபாஸ்டா ஓடுச்சு, இன்னிக்கு 40 செகண்ட் எடுக்குது. இது போஸ்ட்கிரெஸ் பக் தானே? எங்க ரிப்போர்ட் பண்றது?

எங்கயும் பண்ணாதீங்க. பெரும்பாலும் பிளான், அதாவது குவரிய எந்த வழியில ஓட்டுறதுன்னு போஸ்ட்கிரெஸ் போடுற கணக்கு, மாறியிருக்கும். அந்த டேபிளோட ஸ்டாடிஸ்டிக்ஸ புதுப்பிக்க அனலைஸ் ஓட்டிட்டு, பிளான காட்டுற எக்ஸ்ப்ளெய்ன்ல அனலைஸ், பஃபர்ஸ் ரெண்டையும் போட்டு எடுத்து அனுப்புங்க. வெறும் "ஸ்லோவா இருக்கு"வ வச்சு ஜோசியம் தான் பாக்கலாம்.

கேள்வி: அண்ணா, நான் காலேஜ் ஃபைனல் இயர். ஒரு சின்ன பக் ஃபிக்ஸ் பண்ணி போஸ்ட்கிரெஸுக்கு பேட்ச் அனுப்பி மூணு வாரம் ஆச்சு, ஒருத்தரும் பதில் போடல. பேட்ச் நல்லா இல்லையோ?

தம்பி, நல்லா இல்லன்னா அத சொல்றதுக்கு அங்க ஆளுக்கு பஞ்சமே இல்ல. சத்தமே இல்லன்னா யாரும் பாக்கலன்னு தான் அர்த்தம். கமிட்ஃபெஸ்ட்ல, அதாவது வந்த பேட்ச எல்லாம் சேத்து ரிவ்யூ பண்ற சீசன்ல, பதிஞ்சியா? ஜூலை, செப்டம்பர், நவம்பர், ஜனவரி, மார்ச்னு வருஷத்துக்கு அஞ்சு தடவ நடக்கும், அதுல பதியாத பேட்ச் கிணத்துல போட்ட கல்லு மாதிரி தான். பதிஞ்சிட்டா ஒரு பாட் தானா எடுத்து நாலஞ்சு ஓஎஸ்ல பில்ட் பண்ணி டெஸ்ட் ஓட்டிப் பாக்கும், நடுவுல மாஸ்டர், அதாவது மெயின் கோட், நகர்ந்து போயி உன் பேட்ச் அப்ளை ஆகலன்னா அதுவே காட்டிக்குடுத்துடும், நீ புது கோட் மேல ரீபேஸ் பண்ணி வி2, வி3ன்னு திரும்ப அனுப்பணும்.

இன்னொண்ணு, அங்க ஒரு மொறை உண்டு, நீ ஒரு பேட்ச் போட்டா அதே அளவு கஷ்டமான வேற ஒருத்தர் பேட்ச நீ ரிவ்யூ பண்ணணும். "எனக்கு என்ன தெரியும்"னு ஒதுங்காத. பேட்ச அப்ளை பண்ணி, பில்ட் பண்ணி, மேக் செக்-வேர்ல்ட்னு எல்லா டெஸ்டையும் ஓட்டி, டாகுமென்டேஷன்ல சொன்னபடி நடக்குதான்னு பாத்து ரெண்டு பாரா எழுதினாலே அது ரிவ்யூ தான். ஏப்ரல்ல வர்ற ஃபீச்சர் ஃப்ரீஸ நெனச்சு பயப்படவும் வேணாம், அது புது ஃபீச்சருக்கு, பக் ஃபிக்ஸுக்கு இல்ல. உன் பேட்ச்ல டெஸ்ட் இருக்கா? ஃபிக்ஸ் இல்லாம ஓட்டினா ஃபெயில் ஆகணும், ஃபிக்ஸோட ஓட்டினா பாஸ் ஆகணும், அப்படி ஒண்ணு இருந்தா தான் பேட்ச உள்ள சேக்குற கமிட்டர் கை வைப்பாரு.

கேள்வி: என் பேட்ச்ல லாஜிக் மாத்தினது 12 வரி தான், டிஃப் 900 வரி காட்டுது, ஏன்?

உங்க எடிட்டர் டேப எல்லாம் ஸ்பேஸா மாத்தி வச்சிருக்கு. போஸ்ட்கிரெஸ் சோர்ஸ்ல டேப் தான், நாலு காலம் அகலம். சேவ் பண்ணும்போது தானா ஃபார்மட் ஆகுறத ஆஃப் பண்ணிட்டு, போஸ்ட்கிரெஸோட ஃபார்மட் டூல் பிஜிஇண்டென்ட்ட ஓட்டி அனுப்புங்க. அந்த 900 வரிய யாரும் படிக்க மாட்டாங்க. நானும் படிக்கல.

கேள்வி: எங்க புரொடக்ஷன்ல 14.2 ஓடுது, இத்தன வருஷமா ஒரு பிரச்சனையும் இல்ல. மைனர் அப்டேட் (புள்ளிக்கு அப்புறம் இருக்கிற நம்பர் மட்டும் மாறுறது) போடலாம்னு சொன்னா மேனேஜர் "ஓடுறத ஏன் தொடணும்"ங்கிறார். அவர் சொல்றதும் நியாயம் தானே சார்?

நியாயமே இல்ல. இந்த ஒரு வசனத்த கேட்டு கேட்டு எனக்கு காது புளிச்சுப்போச்சு. பிரச்சனை இல்லன்னு சொல்றீங்களே, பாத்தீங்களா? எப்படி பாத்தீங்க?

14ல ஒரு ஆப்டிமைசேஷன் சேத்தாங்க. இண்டெக்ஸ கன்கரன்ட்லி போட்டு, அதாவது டேபிள்ல எழுதுறத நிறுத்தாம, கட்டுறப்ப அது மணிக்கணக்கா ஓடும், அதுவரைக்கும் வேக்கூம் பழைய ரோ வெர்ஷன்கள கழிச்சுக்கட்ட முடியாம காத்துக்கிடக்கும், அப்படி காக்க வேணாம்னு ஒரு சலுகை. நல்ல எண்ணம் தான். ஆனா அதுல என்ன ஆச்சுன்னா இண்டெக்ஸ் கட்டிட்டு இருக்கும்போதே அப்டேட் ஆன சில ரோ-க்கள் இண்டெக்ஸ்ல ஏறாமலே விட்டுப்போச்சு. ரோ டேபிள்ல பத்திரமா இருக்கும், இண்டெக்ஸ்ல மட்டும் என்ட்ரி இருக்காது. எர்ரர் வராது, லாக்ல ஒரு வரி கூட விழாது. ரீஇண்டெக்ஸ் கன்கரன்ட்லிக்கும் இதே கதி. வழக்கமான ஆகஸ்ட் ரிலீஸ் வரைக்கும் காத்திருக்காம 2022 ஜூன்லயே 14.4ன்னு அவசர ரிலீஸ் விட்டு அந்த ஆப்டிமைசேஷனையே திரும்ப எடுத்துட்டாங்க. நீங்க 14.2ல உக்காந்துட்டு பிரச்சனை இல்லங்கிறீங்க.

ஒரு எடத்துல இத நேர்லயே பாத்தேன், பேர் வேணாம். ஆர்டர் நம்பர் குடுத்து தேடினா ஜீரோ ரோ. கஸ்டமர் கையில ரசீது இருக்கு, காசும் கட்டியிருக்கார். டெவலப்பருங்க ரெண்டு நாளா அப்ளிகேஷன் கோட பொரட்டிட்டு இருந்தாங்க. நான் போயி ஒரு செஷன்ல இண்டெக்ஸ் ஸ்கேன், இண்டெக்ஸ் ஒன்லி ஸ்கேன், பிட்மேப் ஸ்கேன் மூணையும் ஆஃப் பண்ணிட்டு அதே குவரிய அப்படியே ஓட்டினேன், டேபிள் முழுக்க படிச்சிட்டு இருபது செகண்ட் கழிச்சு ஜம்முனு வந்து நின்னுச்சு அந்த ஆர்டர். திரும்ப ஆன் பண்ணா காணோம். ஆஃப் பண்ணா வருது. அது யூனிக் இண்டெக்ஸ் வேற, அதனால இல்லாத நம்பர்னு நெனச்சு அதே நம்பர்ல இன்னொரு ஆர்டரையும் உள்ள விட்டிருந்துச்சு. அங்கயும் "ஓடுறத தொடாதீங்க" பாலிசி தான்.

இப்ப என்ன செய்யணும்னா, வரிசை முக்கியம், மாத்திப் போட்டுடாதீங்க. பேக்கப் எடுங்க, எடுத்த பேக்கப்ப வேற மெஷின்ல ரீஸ்டோர் பண்ணிப் பாருங்க, ரீஸ்டோர் பண்ணிப் பாக்காத பேக்கப் பேக்கப்பே இல்ல. அப்புறம் 14ல கடைசியா வந்த மைனருக்கு போங்க. அதுக்கு அப்புறம் தான் பிஜி-ஆம்செக்க ஹீப்-ஆல்-இண்டெக்ஸ்டு ஆப்ஷனோட ஓட்டணும், அது டேபிள்ல இருக்கிற ஒவ்வொரு ரோவும் இண்டெக்ஸ்ல இருக்கான்னு சரிபாக்கும், மாட்டுறத ரீஇண்டெக்ஸ் பண்ணுங்க. 14.2ல இருந்துக்கிட்டே ரீஇண்டெக்ஸ் கன்கரன்ட்லி ஓட்டினா அதே பக்க திரும்ப விலைகுடுத்து வாங்குற மாதிரி. 14ல இந்த செக் பி-ட்ரீ ரக இண்டெக்ஸுக்கு மட்டும் தான், ஜின் ஜிஸ்ட் ரகம் எல்லாம் கன்கரன்ட்லி போட்டு கட்டியிருந்தா யோசிக்காம திரும்ப கட்டிடுங்க. யூனிக் இண்டெக்ஸ் கட்டும்போது டூப்ளிகேட்னு எர்ரர் வந்தா அது நல்லது தான், இப்பவாச்சும் தெரிஞ்சுச்சே.

உங்க மேனேஜர்கிட்ட இத சொல்லுங்க: மைனர் ரிலீஸ்ல புது ஃபீச்சர் வராது, பக் ஃபிக்ஸும் செக்யூரிட்டி ஃபிக்ஸும் தான் வரும். பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர், ரெண்டாவது வியாழக்கிழமைன்னு தேதி முன்னாடியே தெரியும். டேட்டா ஃபைல் ஃபார்மட் மாறாது, டம்ப் ரீஸ்டோர் எதுவும் வேணாம், நிறுத்தி, பைனரிய மாத்தி, ஸ்டார்ட் பண்ணணும், அவ்ளோ தான். ரெப்ளிகால (காப்பி சர்வர்) முதல்ல, பிரைமரில (மெயின் சர்வர்) அப்புறம். நிறுத்துறதுக்கு முன்னாடி மெமரில இருக்கிற மாத்தத்த டிஸ்க்ல எழுதவைக்கிற செக்பாயின்ட் ஒண்ண கையால அடிச்சுக்கிட்டா ஷட்டவுன் சீக்கிரம் முடியும், ரெண்டு நிமிஷ டவுன்டைம். ரிலீஸ் நோட்ஸ மட்டும் படிச்சிடுங்க, சில தடவ அப்டேட்டுக்கு அப்புறம் செய்யவேண்டிய வேலை அதுல இருக்கும். இதுக்கு இவ்ளோ பஞ்சாயத்து! அது சரி, 14க்கு 2026 நவம்பரோட சப்போர்ட்டும் முடியுது, அதையும் அவர் காதுல போட்டு வைங்க.

கேள்வி: மைனர் அப்டேட் போடு போடுன்னு நீங்க சொல்லிட்டே இருக்கீங்க. 17.1 போட்டதும் எங்க எக்ஸ்டென்ஷன் கிராஷ் ஆச்சே, அதுக்கு என்ன சொல்றீங்க?

நடந்தது தான், நான் மறைக்கல. 2024 நவம்பர் 14ல வந்த அந்த ரிலீஸ் செட்ல, போஸ்ட்கிரெஸ் கோட்ல ரிசல்ட்-ரெல்-இன்ஃபோன்னு ஒரு டேட்டா ஸ்ட்ரக்ட் கொஞ்சம் பெருசாயிடுச்சு, பழைய சைஸ நம்பி கம்பைல் ஆன சில எக்ஸ்டென்ஷனுங்க தடுமாறிடுச்சு. ஒரே வாரத்துல, 21ஆம் தேதி, 17.2 வந்து சரியாச்சு. அதனால ஸ்டேஜிங்ல, அதாவது டெஸ்ட் சர்வர்ல, உங்க எக்ஸ்டென்ஷனோட ஒரு வாரம் ஓட்டிட்டு போடுங்க. ஒரு வாரம் பொறுக்கிறது வேற, மூணு வருஷம் தூங்குறது வேற.

கேள்வி: நான் ரிப்போர்ட் பண்ண பிரச்சனைய மாஸ்டர்ல சரி பண்ணிட்டாங்க, ஆனா நாங்க ஓட்டுற 15ல வரல. ஏன் இந்த பாரபட்சம்?

பாரபட்சம் எல்லாம் இல்ல. தப்பான ரிசல்ட், கிராஷ், டேட்டா போறது, இதெல்லாம்னா சப்போர்ட்ல இருக்கிற எல்லா வெர்ஷன் பிராஞ்சுக்கும் பேக்பேட்ச் ஆகும். உங்களுது ஒரு எர்ரர் இன்னும் தெளிவா வரணும்ங்கிற ரகம், அது இம்ப்ரூவ்மென்ட். அதுவும் டேட்டாபேஸ் தன்னப்பத்தி குறிச்சு வச்சிருக்கிற சிஸ்டம் கேட்டலாக தொட்ட ஃபிக்ஸ்னா பழைய பிராஞ்சுல வர்றது ரொம்ப கஷ்டம், ஏன்னா மைனர் அப்டேட்டுக்கு யாரையும் இனிட்-டிபி போட்டு டேட்டாபேஸ புதுசா உருவாக்க சொல்ல முடியாது.

கேள்வி: டிஸ்க்ல ஒரே ஒரு எஃப்-சிங்க் (எழுதினத டிஸ்க்ல உறுதியா போடச் சொல்றது) எர்ரர், அதுக்கு டேட்டாபேஸ் முழுசா பேனிக் ஆகி விழுது. ரெண்டாவது தடவ ட்ரை பண்ணா என்ன? டேட்டா-சிங்க்-ரீட்ரைனு ஒரு செட்டிங் இருக்கே, ஆன் பண்ணிடலாமா?

கைய எடுங்க அதுல இருந்து. லினக்ஸ்ல எழுதுறது ஃபெயில் ஆச்சுன்னா கர்னல் ஒரு தடவ எர்ரர் சொல்லும், ஆனா அந்த பேஜ சுத்தமாயிடுச்சுன்னு குறிச்சுக்கும். நீங்க ரெண்டாவது தடவ கேட்டா "எல்லாம் எழுதியாச்சு"ம்பான். டிஸ்க்ல ஒண்ணும் இருக்காது. போஸ்ட்கிரெஸ் அத நம்பி செக்பாயின்ட் முடிஞ்சதா நெனச்சு மாத்தத்த எல்லாம் முன்கூட்டியே பதிஞ்சு வைக்கிற வால் ஃபைல ரீசைக்கிள் பண்ணிட்டா, அந்த டேட்டா எங்கயுமே இல்ல. ஏறக்குறைய 20 வருஷம் இப்படி தான் ஓடிட்டு இருந்துச்சு, 2018ல தான் மாட்டுச்சு, 2019 பிப்ரவரி ரிலீஸ்கள்ல இந்த பேனிக் வந்துச்சு. பேனிக் ஆகி எழுந்தா வால்ல இருந்து திரும்ப எழுதும், அது தான் உங்க உயிர காப்பாத்துறது. அந்த செட்டிங் எஃப்-சிங்க் ஃபெயிலானாலும் பேஜ விடாம பிடிச்சு வச்சிருக்கிற ஓஎஸ்களுக்கு. நீங்க டிஸ்க்க பாருங்க, கர்னல் லாக பாருங்க. பேக்கப்? ரீஸ்டோர் பண்ணிப் பாத்தீங்களா?

கேள்வி: டேட்டாபேஸ் வெர்ஷன் மாத்தல, ஓஎஸ் மட்டும் புதுசாக்கினோம், அதே டேட்டா டைரக்டரி. யூனிக் காலம்ல டூப்ளிகேட் வருது. பக் தானே?

இது போஸ்ட்கிரெஸ் பக் இல்ல, லினக்ஸோட சி லைப்ரரி ஜிலிப்சியோட கைவரிசை. 2018ல வந்த ஜிலிப்சி 2.28ல எழுத்து வரிசை மாறிடுச்சு. பழசுல "11" முன்னாடி, "1-1" பின்னாடி, புதுசுல அப்படியே தலைகீழ். டெக்ஸ்ட் இண்டெக்ஸ் பழைய வரிசையில அடுக்கியிருக்கு, தேடுறவன் புது வரிசையில தேடுறான், எடது பக்கம் போகவேண்டியவன் வலது பக்கம் போயிட்டு இல்லன்னு வந்து நிக்குறான். டூப்ளிகேட்ட ஒழிச்சுட்டு டெக்ஸ்ட் காலம் இண்டெக்ஸ் எல்லாத்தையும் ரீஇண்டெக்ஸ் பண்ணுங்க. பைட் வரிசையில அடுக்குற சி கொலேஷன்ல இருக்கிறதுக்கு தேவையில்ல. ரெப்ளிகாவும் பிரைமரியும் வேற வேற ஓஎஸ்ல ஓடுதுன்னா அங்கயும் இதே கூத்து தான்.

கேள்வி: டிஸ்க் ஃபுல். பிஜி-வால் டைரக்டரில பழைய ஃபைல் 200 ஜிபி இருந்துச்சு, அழிச்சிட்டேன். இப்ப சர்வர் எழுந்திருக்க மாட்டேங்குது. என்ன பேட்ச் போடணும்?

பேட்ச் போட்டு என்ன ஆகப்போவுது. முன்னாடி அதுக்கு பிஜி-எக்ஸ்லாக்னு பேரு, "லாக் தானே"ன்னு ஆளாளுக்கு அழிச்சாங்கன்னு தான் 2017ல வந்த 10ல பேரையே மாத்தினாங்க. பேர மாத்தியும் இப்படி. பேக்கப்ப ரீஸ்டோர் பண்ணுங்க. பேக்கப் இல்லன்னா டேட்டா டைரக்டரிய அப்படியே ஒரு காப்பி எடுத்து வச்சிட்டு, தெரிஞ்சவங்கள கூப்பிடுங்க. வால தூக்கி எறிஞ்சுட்டு ஸ்டார்ட் பண்ணவைக்கிற பிஜி-ரீசெட்வால நீங்களா ஓட்டாதீங்க, ஸ்டார்ட் ஆகும், உள்ள எது சரி எது தப்புன்னு யாருக்கும் தெரியாது. அப்புறம் ஏன் 200 ஜிபி சேந்துச்சுன்னு பாருங்க, ரெப்ளிகாவுக்காக வால பிடிச்சு வைக்கிற, யாரோ கைவிட்ட ரெப்ளிகேஷன் ஸ்லாட், இல்லன்னா ஃபெயில் ஆகிட்டே இருக்கிற ஆர்க்கைவ் கமாண்ட், பெரும்பாலும் இந்த ரெண்டுல ஒண்ணா தான் இருக்கும். 13ல இருந்து ஸ்லாட்டுக்கு உச்சவரம்பு வைக்க செட்டிங் இருக்கு. உங்க வெர்ஷன் என்னன்னு எழுதல, அதனால இருக்கா இல்லையான்னு நீங்களே பாத்துக்கோங்க.

கேள்வி: ஒரு சாதாரண யூசர் சூப்பர்யூசர் ஆகுற மாதிரி ஒரு ஓட்டை கண்டுபிடிச்சிருக்கேன். எல்லாரும் பாக்குற மாதிரி எழுதினா சீக்கிரம் சரி பண்ணுவாங்களா?

சீக்கிரம் ஹேக் பண்ணுவாங்க. செக்யூரிட்டி டீமுக்குன்னு தனி ஈமெயில் இருக்கு, அதுக்கு மட்டும் அனுப்புங்க. எனக்கும் அனுப்பாதீங்க.

கேள்வி: 9.6ல ஒரு கிராஷ் வருது. பேக்ட்ரேஸ் (கோட்ல எங்க விழுந்துச்சுன்னு காட்டுற பட்டியல்) எல்லாம் எடுத்து வச்சிருக்கேன். ரிப்போர்ட் பண்ணா பாப்பாங்களா?

வெர்ஷனும் பேக்ட்ரேஸும் சேத்து வச்சிருக்கிற ஒரே ஆள் நீங்க தான், ஆனா 9.6க்கு 2021 நவம்பர்லயே சப்போர்ட் முடிஞ்சுபோச்சு. அதே குவரிய 17லயோ 18லயோ ஓட்டி அங்கயும் விழுதான்னு பாருங்க, விழுந்தா தாராளமா அனுப்புங்க, ரசிச்சு படிப்பாங்க. விழலன்னா பிஜி-அப்கிரேட் போட்டு நேரா மேல வந்துடலாம், நடுவுல ஒவ்வொரு வெர்ஷனா ஏற வேண்டியதில்ல. முடிஞ்சதும் அனலைஸ் ஓட்ட மறந்துடாதீங்க, 9.6ல இருந்து 17க்கு போனா ஸ்டாடிஸ்டிக்ஸ் கூட வராது. ஃபைல காப்பி பண்ணாம பழசும் புதுசும் ஒரே ஃபைல பகிர்ற லிங்க் மோடு போட்டீங்கன்னா புது சர்வர ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணதுக்கு அப்புறம் பழசுக்கு திரும்ப முடியாது, அதனால முதல் தடவ காப்பி மோடுலயே, டெஸ்ட் மெஷின்ல.