கேந்திச் செடி காக்கும், ஆனால் மூலையில் நின்றல்ல

கேள்வி: கேந்தி (செண்டுமல்லி) வைத்தால் நூற்புழு (வேரைத் தாக்கி முடிச்சு உண்டாக்கும் நுண்ணிய புழு) வராது என்று சொன்னதால், கத்தரிப் பாத்தியின் நான்கு மூலைகளிலும் வைத்தேன். பூ நன்றாகப் பூத்தது. கத்தரியோ வெயில் ஏறியதும் வாடியது. பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்க முடிச்சுகள். எங்கே தவறினேன்?
- ஒரு வாசகி, மேலூர்

பதில்: வாடிய செடிக்கு மேலும் தண்ணீர் ஊற்றாமல் வேரைப் பார்த்தீர்களே, அது மிகவும் நல்ல காரியம். கேந்தியின் வேரில் நூற்புழுவுக்கு ஆகாத ஒரு பொருள் உண்டு. அந்த வேருக்குள் நுழையும் புழுவால் பெருக முடிவதில்லை. ஆனால் அந்தப் பாதுகாப்பு, உயிருள்ள கேந்தி வேர் பரவியிருக்கும் மண்ணோடு நின்றுவிடும் என்பதால், மூலையில் நிற்கும் செடி நடுப்பாத்தியில் நிற்கும் கத்தரியைக் காப்பாற்றாது.

நோய் கண்ட செடிகளை வேரோடு எடுத்துக் காயவைத்து எரித்துவிடுங்கள். மட்கு குழியில் போட வேண்டாம். பிறகு பாத்தி முழுவதும், ஒரு சாணுக்கும் குறைவான இடைவெளியில், கேந்தியை மட்டுமே நெருக்கி நட்டு, இரண்டு மூன்று மாதங்கள் வளர விடுங்கள். அந்த நாட்களில் தானாக முளைக்கும் மணத்தக்காளியைக்கூட விட்டுவைக்காதீர்கள். நூற்புழு அதன் வேரிலும் பெருகும். பூவைப் பறித்துக்கொண்டு, செடியை நறுக்கி மண்ணோடு புரட்டி, சதுர மீட்டருக்கு 100 கிராம் வேப்பம் புண்ணாக்கைத் தூளாக்கிக் கலந்து, ஈரம் காயாமல் பதினைந்து நாள் வைத்திருந்து அதன்பின் நாற்று நடலாம். நடுகிற அன்றே குழியில் புண்ணாக்கைக் கொட்டுவது பலரிடம் உள்ள பழக்கம். அது மட்கும்போது எழும் சூடு இளவேரைத்தான் முதலில் தாக்கும்.

பூ தேவையில்லை என்றால் சணப்பை என்ற பசுந்தாள் உரப்பயிரை விதையுங்கள். அதுவும் இந்தப் புழுவை அடக்கும், மண்ணில் தழைச்சத்தும் (நைட்ரஜன்) சேர்க்கும். பூவெடுக்கும் பருவத்தில், ஏறக்குறைய 45ஆம் நாள், மடக்கிப் புரட்டிவிட வேண்டும். அதன் வேரிலும் முடிச்சுகளைக் காண்பீர்கள், பயப்பட வேண்டாம். விரலால் தேய்த்தால் உதிர்ந்து, நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவது தழைச்சத்தைச் சேர்க்கும் நுண்ணுயிரின் முடிச்சு. நூற்புழுவின் முடிச்சு உதிராது, ஏனென்றால் அங்கே வேரே வீங்கியிருக்கிறது.

நூற்புழுவை ஒரேயடியாக ஒழிக்க இயலாது. கத்தரி, தக்காளி, வெண்டையை அதே பாத்தியில் அடுத்தடுத்து வைத்தால் திரும்பிவிடும். இனிமேலும் ஓரத்தில் கேந்தி வைக்க ஆசைப்பட்டால் தக்காளிக்கு வையுங்கள். காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி தக்காளியை விட்டுக் கேந்தி மொட்டில் முட்டையிட வரும். அந்த மொட்டுகளை அவ்வப்போது கிள்ளி அழித்தால்தான் பலன்.

கேள்வி: அவரையில் அசுவினிக்கு (சாறு உறிஞ்சும் சிறு பூச்சி) அடுப்புச் சாம்பல் தூவி, மிச்சத்தை எல்லாச் செடிகளின் தூரிலும் போட்டுவருகிறேன். இப்போது கொழுந்து இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. என்ன சத்து போட வேண்டும்?
- ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: சத்து போடுவதற்கு முன் சாம்பலை நிறுத்துங்கள். அடுப்புச் சாம்பலில் சாம்பல் சத்தோடு (பொட்டாசியம்) சுண்ணாம்பும் உண்டு. உங்கள் கரிசல் மண் இயல்பாகவே காரத்தன்மை உள்ளது. மேலும் காரம் ஏறினால், மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் அதை எடுக்க முடியாது. கொழுந்தில் முதலில் தெரியும் இந்த மஞ்சள் பெரும்பாலும் அந்தக் குறைதான். நன்றாக மட்கிய தொழுவுரத்தைத் தூரில் இட்டு, தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். உடனடித் தேவைக்கு இரும்புச் சத்தை இலைவழியாகக் கொடுக்கலாம். அளவை மண் பரிசோதனை அறிக்கையோடு வேளாண் அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அசுவினிக்கு, காலைப் பனி ஈரத்தில் இலைமேல் மெல்லியதாகத் தூவும் ஒரு கைப்பிடிச் சாம்பலால் கெடுதல் இல்லை.