கொதிக்கவைத்தால் போதுமா?

அக்கா, குப்பைக்கிடங்குப் பக்கத்துக் கிணற்றில் தண்ணீர்மேல் செம்மஞ்சளாக ஆடை படிகிறது, கொதிக்கவைத்துக் குடிக்கலாமா, கீரை போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். சோதிக்கும்வரை தயவுசெய்து குடிக்காதீர்கள். கொதித்தால் கிருமிதான் சாகும். குப்பையிலிருந்து இறங்கக்கூடிய ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் வேறு இருக்கிறார்கள், ஈயம் அவர்களுடைய மூளை வளர்ச்சியைத்தான் முதலில் கெடுக்கும்.

அந்த ஆடையைக் குச்சியால் கலைத்துப் பாருங்கள். சில்லுசில்லாக உடைந்து நின்றால் பெரும்பாலும் இரும்பு. உடனே ஒன்றுகூடினால் எண்ணெய். நம்ம குமரி மாவட்டச் செம்மண்ணில் இரும்பு இயல்பாகவே உண்டு, குப்பையிலிருந்து வடியும் கசிவுநீர் இறங்கினால் இன்னும் கரையும். ஆனால் ஈயத்துக்கு நிறமே கிடையாது, தெளிந்த தண்ணீரிலும் இருக்கும்.

நாகர்கோவிலில் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் விசாரியுங்கள். ஈயம், காட்மியம், குரோமியம், ஆர்செனிக் என்று பெயர் சொல்லியே கேளுங்கள். சாதாரணச் சோதனையில் இவை வராது. பாட்டிலையும் எடுக்கும் முறையையும் அவர்களிடமே கேட்டு வாங்குங்கள். லிட்டருக்கு ஈயம் 0.01 மில்லிகிராம், காட்மியம் 0.003 மில்லிகிராம், இவைதான் இந்தியத் தர வரம்பு. தாண்டினால் சமையலுக்கும் வேண்டாம்.

கீரை இப்போதைக்கு அந்த மண்ணில் வேண்டாம். காட்மியம் கீரை வகைகளில் அதிகம் ஏறும்.