நான்கு வால்வுகளும் ஒரே ரெஃபரன்ஸும்

அன்புள்ள ஐயா,

சேலத்தில் ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கட்டுப்பாட்டுக் கருவிகள் செய்யும் சிறு நிறுவனத்தில் பணிபுரிகிறேன். ஒரே தொட்டிக்கு மாவுப்பால் செலுத்தும் நான்கு வால்வுகளை, 5 வோல்ட் ரெஃபரன்ஸ் (அளவுகோலாக நிற்கும் நிலையான மின்னழுத்தம்) ஒன்றைப் பகிர்ந்துகொள்ளும் நான்கு 12 பிட் டிஜிட்டல்-அனலாக் மாற்றிகள் (எண்ணை 4096 படிகளில் மின்னழுத்தமாக மாற்றுபவை) இயக்குகின்றன. ஒவ்வொன்றிலும் ஆஃப்செட் பிழை (தொடக்கப் புள்ளியின் விலகல்) 3 எல்எஸ்பி (மாற்றியின் மிகச் சிறிய படி), கெயின் பிழை (சரிவின் விலகல்) 4, ஐஎன்எல் (நேர்கோட்டிலிருந்து விலகல்) 12. நேராகக் கூட்டினால் 19. வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 13. ரெஃபரன்ஸின் 0.2 சதவீதப் பிழையையும் நான்கு வால்வுகளுக்கும் இதே முறையில் கூட்டி 16 என்று எழுதியிருக்கிறேன். அறிக்கையில் 13 போடுவதா, 19 போடுவதா? டிஎன்எல்லையும் (ஒவ்வொரு படியின் அளவிலும் உள்ள பிழை) சேர்க்க வேண்டுமா?

அன்புள்ள தம்பி,

டிஎன்எல் வேண்டாம். அது படிக்குப் படி சேர்ந்து நிற்பதுதான் ஐஎன்எல். மறுபடி கூட்டினால் ஒரே பிழையை இருமுறை எண்ணியதாகும். 13ஆ 19ஆ என்பதற்கும் நீண்ட விளக்கம் தேவையில்லை. மூன்று பிழைகளும் வெவ்வேறு காரணங்களால் வருபவை. எண்களை டேட்டாஷீட்டின் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) ‘மேக்சிமம்’ (உச்ச வரம்பு) பத்தியிலிருந்து எடுத்திருந்தால் 13, அதாவது ஏறத்தாழ 16 மில்லிவோல்ட், நியாயமான மதிப்பீடுதான். ‘டிபிக்கல்’ (வழக்கமாகக் காணும் மதிப்பு; வரம்பு அல்ல) பத்தியிலிருந்து எடுத்திருந்தால் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.

என்னை உட்கார்ந்து எழுத வைத்தது, ரெஃபரன்ஸுக்காக நீங்கள் எழுதிய, கேள்வியாகவே எழுப்பாத அந்த 16 எல்எஸ்பி. முழு அளவான 4096இல் 0.2 சதவீதம் ஏறத்தாழ 8. நான்கு எட்டுகளை வர்க்கமூல முறையில் கூட்டி 16 கண்டிருக்கிறீர்கள். பிழைகள் ஒன்றோடொன்று தொடர்பற்றவையாக இருந்தால் மட்டுமே அந்த முறை செல்லும். உங்கள் பலகையில் ரெஃபரன்ஸ் ஒன்றே ஒன்று. அது கூடினால் நான்கு வால்வுகளும் சேர்ந்தே கூடுதலாகத் திறக்கும். ஒன்றின் மிகை மற்றொன்றின் குறையால் ஈடாக வழியே இல்லை. ஆகவே நான்கும் முழு அளவில் இயங்கும்போது தொட்டிக்கான கூட்டுப் பிழை 32. பாதியைத் தொலைத்துவிட்டுத் தசமப் புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் வேண்டும் என்று யோசிப்பதில் என்ன பயன்?

செவ்வாய்ப்பேட்டையில் என் தந்தை கொலுசுப் பட்டறை வைத்திருந்தார். கை நடுங்குவதாலோ தட்டு ஆடுவதாலோ ஒரு நிறுவையில் அரை கிராம் முன்பின் ஆவதை அவர் பொருட்படுத்தியதில்லை. நூறு நிறுவைகளில் அவை பெரும்பாலும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். மிஞ்சுவது 5 கிராம் அளவில்தான் இருக்கும். எடைக்கல்லே அரை கிராம் தேய்ந்திருந்தால் அதே நூறு நிறுவைகளில் 50 கிராம் வெள்ளி போய்விடும். வர்க்கமூலம் என்ற சொல்லையே கேட்டிராத அவர், கல்லின் பிழையையும் கையின் பிழையையும் ஒருநாளும் ஒரே கணக்கில் எழுதியதில்லை. பொறியியல் படித்த பிள்ளைகள் சூத்திரத்தைப் பார்த்ததும் எல்லா எண்களையும் அதற்குள் அள்ளிப் போடுவதைக் காணும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் மீதும் வந்தது. ஆனால் நான்கு மாற்றிகளும் ஒரே ரெஃபரன்ஸைப் பகிர்கின்றன என்பதை மறைக்காமல் எழுதியிருந்தீர்கள். அதனால்தான் பிழை என் கண்ணில் பட்டது.

தொடக்கத்தில் உள்ள 0.2 சதவீதத்தைப் பட்டறையிலேயே அளந்து திருத்திவிடலாம். வெப்பத்தால் வரும் நகர்வை அப்படித் திருத்திவிட முடியாது. ரெஃபரன்ஸின் நகர்வு பாகைக்கு 25 பிபிஎம் (பத்து லட்சத்தில் 25 பங்கு) என்று வைத்துக்கொள்வோம். குளிரூட்டிய அறையில் 25 பாகையில் சரிசெய்த பெட்டி, ஆலையில் 40 பாகையில் நிற்கும்போது 375 பிபிஎம், அதாவது ஒவ்வொரு வால்வுக்கும் ஏறத்தாழ 1.5 எல்எஸ்பி நகர்ந்திருக்கும். நான்குக்கும் சேர்த்து அதை 6 என்று எழுதுங்கள். வர்க்கமூலம் எடுத்து 3 என்று எழுதாதீர்கள்.