வேலூர்க்காரர் இலங்கைக்குப் போவதற்கு முன்

கேள்வி: வேலூரில் இருக்கிறோம். குடும்பத்தோடு இலங்கைக்குச் சுற்றுலா போகலாம் என்று யோசனை. கடற்கரை, யானை எல்லாம் படத்தில் பார்த்தாயிற்று. அந்தத் தீவைப் பற்றி வேறு என்ன தெரிந்துகொண்டு போவது நல்லது?

பதில்: கண்டியிலிருந்து தொடங்குங்கள். வேலூர்க்காரருக்கு அதுதான் சுலபமான வாசல். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன் நம் பாலாற்றங்கரையில்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அந்தக் கல்லறை இருக்கும் முத்து மண்டபம் பக்கமாகப் பேருந்தில் போகிறவர்களில் எத்தனை பேர் உள்ளே போய்ப் பார்த்திருப்பார்கள் என்று தெரியவில்லை. நீங்கள் போகவில்லை என்றால், டிக்கெட் போடும் முன் ஒரு மாலை போய்விட்டு வாருங்கள்.

மதுரை நாயக்கர்களோடு உறவுள்ள ஒரு குடும்பம் 1739இல் கண்டி அரியணைக்கு வந்தது. அந்த வழியில் கடைசியாக ஆண்டவர் இவர். இயற்பெயர் கண்ணுசாமி. பட்டம் சூடியபோது வயது சுமார் 18. 1815இல் ஆங்கிலேயர் இவரைப் பிடித்தார்கள், அடுத்த ஆண்டே வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். திப்புவின் குடும்பத்தையும் முன்பு இங்கேதான் வைத்திருந்தார்கள். 1806 சிப்பாய்ப் புரட்சிக்குப் பிறகு அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டதால், அரச குடும்பத்தைக் காவலில் வைக்கக் கோட்டையில் இடம் இருந்தது. கோட்டைக்குள் கண்டி மகால் என்று ஒரு கட்டடம் இருப்பது இதனால்தான். 1832இல் அவர் இங்கேயே இறந்தார்.

சரி, இதற்கும் சுற்றுலாவுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. தீவின் கரையோரத்தைப் போர்த்துகீசியர் 1505இலிருந்தே தொட்டுவிட்டார்கள். அப்புறம் டச்சுக்காரர், 1796இல் ஆங்கிலேயர். ஆனால் கண்டி மட்டும் யாருக்கும் நிலையாகச் சிக்கவில்லை. நடுவில் மலை, சுற்றிலும் காடு, காட்டில் மலேரியா. மேலே ஏறி வந்த படை பசியிலும் காய்ச்சலிலும் பாதியாகத் திரும்பும். 1803இல் ஆங்கிலேயரே அப்படி அடி வாங்கினார்கள். 1815இல் அவர்கள் ஜெயித்ததுகூட அரசர் மீது கோபமாக இருந்த கண்டிப் பிரதானிகளின் துணையோடுதான். அரசரின் கொடுமைகளைப் பற்றி அப்போது எழுதப்பட்டதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு ஆங்கிலேயர் கட்டிவிட்ட கதை என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் இன்று எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொள்ளும் கண்டி ஏரி அவர் வெட்டியது. புத்தரின் பல்லை வைத்திருக்கும் கோயிலான தலதா மாளிகையின் எண்கோண மண்டபமும் அவர் காலத்தது. இலங்கைக் கொடியில் இருக்கும் சிங்கம்கூட அவருடைய கொடியிலிருந்து வந்ததுதான்.

1817–18இல் மலைநாட்டில் எழுந்த கிளர்ச்சியை அடக்கிய பிறகு ஆங்கிலேயர் செய்த முக்கியமான வேலை, கொழும்பிலிருந்து கண்டிக்குச் சாலை போட்டது. கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்து அந்தச் சாலை ஏறுகிறது. மலையைத் துளைக்கிறவனிடம்தான் கண்டி விழும் என்று ஒரு பழைய வாக்கு இருந்ததாகச் சொல்வார்கள். படைக்காகப் போட்ட சாலையில் சீக்கிரமே காப்பி மூட்டை இறங்க ஆரம்பித்தது. 1867இல் ரயிலும் கண்டிக்கு வந்தது, அதுவும் காப்பிக்காக. அதே ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். இரண்டே வருடத்தில் இலைத்துரு நோய் வந்து காப்பித் தோட்டங்களை அழிக்கத் தொடங்கியது. தோட்ட முதலாளிகள் தேயிலைக்கு மாறினார்கள்.

காடு வெட்டியதும் செடி வைத்ததும் நம் ஆட்கள். கங்காணிகள் சென்னை மாகாணத்தின் வறண்ட மாவட்டங்களில் ஆள் சேர்த்தார்கள். மன்னாரில் இறங்கிக் காட்டு வழியாக நடந்தே மலை ஏறியவர்கள் பலர், வழியிலேயே செத்தவர்களும் ஏராளம். 1948இல் இலங்கை சுதந்திரம் பெற்ற கையோடு இவர்களில் பெரும்பாலோருக்குக் குடியுரிமை இல்லாமல் போனது. 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டது. அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. அங்கேயே தோட்டங்களில் இருந்துவிட்டவர்களுக்கு நாட்கூலி 1,000 இலங்கை ரூபாய் ஆவதற்கு 2021 வரை போராட வேண்டியிருந்தது. நம் கணக்கில் சில நூறு ரூபாய்தான். நுவரெலியாவில் பச்சைப் பசேல் என்று படம் எடுக்கும்போது இதை ஞாபகம் வையுங்கள். கொழுந்து பறிக்கும் அம்மாக்களிடம் தமிழில் பேசலாம். ஆனால் கேட்காமல் முகத்துக்கு நேரே போனை நீட்டாதீர்கள்.

இன்றைய பொருளாதாரம் சுருக்கமாக: தைக்கப்பட்ட துணி, தேயிலை, வெளிநாட்டில் வேலை செய்வோர் அனுப்பும் பணம், சுற்றுலா. டாலர் வருவது பெரும்பாலும் இவற்றில்தான். 2018இல் 23 லட்சத்துக்கும் அதிகமான பயணிகள் வந்தார்கள். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு, அப்புறம் கொரோனா. அதோடு வரிக் குறைப்பும், 2021இல் ரசாயன உரத்துக்கு ஒரே இரவில் போட்ட தடையும் சேர்ந்துகொண்டன. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசே அறிவித்தது. பெட்ரோலுக்கு நாள் கணக்கில் வரிசை. தமிழ்நாட்டிலிருந்து அரிசியும் பால் பவுடரும் கப்பலில் போனது அப்போதுதான். அதற்குப் பிறகு தேறிவருகிறார்கள், வருகிறவர்களில் இந்தியர்களே அதிகம். ஆகவே பெரிய ஓட்டலைவிட வீட்டோடு சேர்ந்த சிறு தங்குமிடங்களில் தங்குங்கள். சோறும் தேங்காய்ப்பால் சொதியும் அங்கேதான் நன்றாக இருக்கும்.

தீவின் பரப்பு தமிழ்நாட்டில் பாதிதான், ஆனால் மழைக்கு இரண்டு காலம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம் கொழும்பு, காலி பக்கம் கொட்டும். அப்போது கிழக்கே திருகோணமலை, பாசிக்குடா கடல் அமைதியாக இருக்கும். டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை போனால் தெற்கும் மேற்கும் நல்லது. நம் பிள்ளைகளின் கோடை விடுமுறையில் போவதானால் கிழக்குக் கரையைத் திட்டத்தில் சேருங்கள்.

வேலூரிலிருந்து சென்னை விமான நிலையம் போகும் நேரத்தைவிட, அங்கிருந்து கொழும்பு போகும் நேரம் குறைவு. கண்டியிலிருந்து எல்ல என்ற மலையூருக்குப் போகும் ரயிலுக்கு முன்பதிவு திறந்ததும் போட்டுவிடுங்கள். கிளம்பும் முன் பாதை திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள், மழையில் மண் சரிந்தால் நிறுத்திவிடுவார்கள். தலதா மாளிகைக்கு முட்டியும் தோளும் மறைகிற உடை வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுத்தால் சண்டைக்கே வருவார்கள்.